வெடிப்பில்லாத குதிகால்

கார்வேட்டிநகரம் நகைத் திருட்டில் கிடைத்த ஒரே தடயம், ஈரமண்ணில் பதிந்த வெறுங்கால் தடம். அதையும் மறுநாள் மழை கரைத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஹேமநாத் எடுத்த படம்தான்.

கல்யாண போட்டோகிராபரான அவனுக்கு இது முதல் போலீஸ் வேலை. நேராக ஃபிளாஷ் அடித்தால் தடத்தின் மேடுபள்ளம் தெரியாது என்று, டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்திருந்தான்.

படத்தைப் பார்த்ததும் எஸ்.ஐ. சுரேஷ்பாபுவின் முகம் மாறியது.

"குதிகால்ல பெரிய வெடிப்பு இருந்துச்சே, எங்கய்யா?"

"கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன் சார். கல்யாணப் பொண்ணுக்குப் பரு எடுக்கிற மாதிரி."

"அளவு தெரியப் பக்கத்துல வெச்ச ஸ்கேலு?"

"குப்பையா கெடந்துச்சு சார், அழிச்சுட்டேன்."

"அடப்பாவி! திருடனுக்கு ஃபேஷியல் பண்ணிக்கினு வந்திருக்கியே! அந்த வெடிப்பு இல்லேன்னா கேஸே இல்லய்யா!"

ஹேமநாத் கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவினான். கை வைக்காத அசல் படம் கம்ப்யூட்டரில் விரிந்தது. வெடிப்பும் ஸ்கேலும் பத்திரமாக இருந்தன.

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தன் போட்டோ ஒன்றை நீட்டினார்.

"திருப்பதியில பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும். உன் வேலையை இதுல காட்டு."