கம்மியா ஓடுன ஜீப்

கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றி விரலை உள்ளே விட்டு எடுத்தார் வியாகுலம். ஆயிலில் இரும்புத்தூள் மினுமினுத்தது. தேய்த்துப் பார்த்தார், நறநறவென்றது.

"வண்டி எவ்ளோ ஓடியிருக்குன்ன, பாய்?"

"மீட்டர்லதான் இருக்குதே. ரொம்பக் கம்மி. கம்பெனி ஊத்துன ஆயில்கூட இன்னும் மாத்தல" என்றார் அக்பர் அலி.

"அப்போ இவ்ளோ தூளு எப்படி வரும்? மீட்டர திருப்பி வச்சிருக்க."

அக்பர் அலிக்குக் கள்ளக்குறிச்சியில் புளி, கடுக்காய் வியாபாரம். வடக்கனந்தலில் காய்க்கிற வியாகுலத்தின் புளி காலங்காலமாக அக்பர் அலியின் தராசைத் தவிர வேறு தராசில் ஏறியதில்லை. ஊரில் உள்ள எல்லாத் தராசையும் குனிந்து பார்க்கிற வியாகுலம், இந்த ஒன்றை மட்டும் பார்த்ததே கிடையாது. வெள்ளிமலைக்கு ஆள் ஏற்ற ஒரு ஜீப் வேண்டும் என்றபோதும் அவரிடம்தான் வந்தார்.

அக்பர் அலியின் முகம் கறுத்தது. "என்னைத் திருடன்றியா? இனிமே இந்தக் கடை வாசல மிதிக்காத. போய்யா!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வியாகுலம் கிளம்பிவிட்டார். சந்தேகம் கரையான் மாதிரி. ஒரு தூணில் ஏறினால் கூரை வரை போகாமல் நிற்காது. வீடு வந்து சேர்வதற்குள் இத்தனை வருஷப் புளியிலும் எவ்வளவு அடித்திருப்பான் என்று மனசு எடை போட ஆரம்பித்துவிட்டது.

வானத்து ஆராய்ச்சி செய்கிற மகள் பவுலின் லீவுக்கு வந்திருந்தாள். லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வானத்தைப் பார்க்கிறதுக்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்பதும் அவருக்குத் தீராத சந்தேகம்.

"இன்னாத்த அப்படி மொறைச்சிக்கினு இருக்க?"

"ஒரு கேலக்ஸிப்பா. உலகம் மொத்தமும் உண்டான புதுசுல இருந்தது. அப்போ ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் இருந்துச்சி. மத்ததெல்லாம் நட்சத்திரத்து வயித்துல வெந்து, அது வெடிச்சாதான் வெளிய வரும். ஆனா இதுல அவ்ளோ சீக்கிரத்துலயே ஆக்சிஜன் கெடக்குது. நாங்க நெனச்சத வுட ஜாஸ்தி."

வியாகுலம் நிமிர்ந்தார். "வயச மறைக்கறானுங்க. அது கெழட்டு கேலக்ஸி. எவனோ திருப்பி வச்சிட்டான்."

பவுலின் சிரித்துவிட்டாள். "அத யாருப்பா திருப்புவான்? வெளிச்சத்தோட அலை வர்ற வழியில நீண்டு செவந்துடும். எவ்ளோ நீண்டிருக்கோ அத வச்சி எந்தக் காலத்துதுன்னு சொல்லிடலாம். நானும் நம்பாமதான் திரும்பத் திரும்பப் பாத்தேன். வயசு சரி."

"அப்போ தூளு எங்கருந்து வந்துச்சி?"

"இன்னா தூளு? ஆக்சிஜன்ப்பா."

"ஏதோ ஒண்ணு. சொல்லு."

"சின்ன நட்சத்திரம் நிதானமா எரியும். பெருசு வெறி புடிச்ச மாதிரி எரிஞ்சி சீக்கிரமே வெடிச்சிடும். அந்த மாதிரி நெறைய இருந்திருக்கலாம். வயசு கம்மிதான்ப்பா, பாடுதான் ஜாஸ்தி."

"இருந்திருக்கலாமா? இருந்துச்சா?"

"தேடிக்கினுதான் இருக்கோம்."

'லாம்' போட்டுப் பேசுகிறவர்களை வியாகுலம் நம்புவதில்லை. ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு ஓடியது என்றுதானே கேட்டோம், எங்கே ஓடியது என்று கேட்கவில்லையே?

காலையில் கடை வாசலுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றார். அக்பர் அலி தலையைத் தூக்கவில்லை.

"வண்டி எங்க ஓடுச்சி, பாய்?"

"இத நேத்து கேட்டிருக்கணும். விரல வுட்ட, தீர்ப்பு சொன்ன, பூட்ட."

"இப்போ கேக்கறேன்ல?"

"வெள்ளிமலைக்கும் மேல, காட்டுல. என் தம்பி மவன் உமைர் மரவள்ளி மூட்டையா அடுக்கிக்கினு மேட்டுல இழுப்பான். ஃபர்ஸ்ட் கியர வுட்டு மாத்த வழியே இல்ல. கியருதான் தேயும், கிலோமீட்டர் எங்கருந்து ஏறும்?"

வியாகுலம் வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"மீட்டர் பொய் சொல்லல" என்றார்.

"நானு?"

"நீயும் சொல்லல."

அக்பர் அலி ஸ்டூலைக் காலால் தள்ளிப் போட்டார். "நேத்து இல்லாத புத்தி இன்னிக்கி எங்கருந்து வந்துச்சி?"

"ரொம்ப தூரத்துலருந்து. வுடு." படியேறி உட்கார்ந்தார். "ஆனா வண்டி வேணாம். சாவ அடிச்சி வச்சிருக்கான் உன் தம்பி மவன்."

"உன்ன யாருய்யா வாங்கச் சொல்லி கெஞ்சினது?" என்ற அக்பர் அலி, எதிர்க்கடைப் பக்கம் திரும்பி இரண்டு டீ சொன்னார்.