அக்னஸ் டீச்சர் வீட்டுத் தண்ணீர்

எழுபத்தெட்டாம் வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் உறையூரில் அக்னஸ் டீச்சர் வீட்டில் மட்டும் தண்ணீர் ஊறியது. தெருவில் மழை இல்லை, அடுத்த வீட்டுக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. தெருமட்டத்துக்குக் கீழே நாலு படி இறங்கிப் போகும் சாமான் அறையில் முழங்காலளவு நின்ற அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் லைஃப்பாய் சோப்பு வாசனை அடித்தது. அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ் குளித்த சோப்பு அது. முந்தின வருஷக் காவிரி வெள்ளத்தில், காய்ச்சலில் கிடந்தவளுக்கு ரொட்டி வாங்க, “இதோ வந்துடறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர். உடல் கிடைக்கவில்லை. மெழுகுவர்த்தி கொளுத்தக் கல்லறைகூட இல்லாத அக்னஸ், அன்று அந்தப் படியில் ஒன்றைக் கொளுத்தினாள்.

அதற்குப் பின் வருஷா வருஷம் அதே நாளில் ஊறித் தவக்காலத்தில் வற்றியது. ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் காலை விட்டு, அன்றைய சமாச்சாரங்களைச் சொல்வாள். ரொம்பப் பேசினால் அது கணுக்காலை லேசாக நெருடும். அவரும் அப்படித்தான் செய்வார். மோட்டார் வைத்து இறைத்துவிடச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றே ஏழு வருஷம் போனது.

எட்டாம் வருஷம் பக்கத்து வீட்டுக் கமர் ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். சாமான் அறையின் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அடுப்படி.

“அக்கா, செவுரு வெடிச்சிருக்கு. அதுக்குப் பக்கத்துலதான் புள்ளைங்க உக்காந்து சாப்பிடுதுங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இவ்வளவு நாளா இருந்தேன்.”

அக்னஸ் போய்ப் பார்த்தாள். விரிசலில் விரல் நுழைந்தது.

“தம்பியை வரச்சொல்லு கமர்” என்றாள்.

கமர் ஜஹானின் தம்பி பரக்கத் அலி அறை மூலையில் குழி தோண்டி மோட்டாரை இறக்கினான். சுவிட்சில் கை வைத்தவன் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டான். அவளே போட்டாள். மத்தியானத்துக்குள் தண்ணீர் குழாய் வழியே தெருச் சாக்கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் அக்னஸ் வழக்கம்போலப் படியில் உட்கார்ந்து, வெறும் தரையில் காலை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது சாக்கடையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் தெளிந்த நீர் பிரிந்து வந்தது. அவள் பின்னாலேயே மேட்டிலும் ஏறி நடந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸின் படியேறி, அவள் சீட்டுக்கடியில் தங்கியது. கண்டக்டர் அவளுக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.

பக்கத்தில் இருந்த பெரியவர், “யாருதும்மா இந்தத் தண்ணி?” என்று கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர்.”

“அப்படியா” என்று அவர் பையைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பாலத்தில் பஸ் ஏறியது. கீழே காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்னஸ் வெளியே பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. மாம்பழச்சாலையில் பஸ் நின்ற பிறகுதான் குனிந்தாள். அங்கேயே இருந்தது. பெரியவர் அதை மிதிக்காமல் ஒதுங்கி இறங்கிப் போனார்.