சிரித்தாள் என்று எழுதிய பக்கம்

விரல்கள் விறைத்துவிட்டிருந்தன. மனூசோஸ் மனைவியின் கையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் புத்தகத்தை அடியில் நுழைத்தார். நுழையவில்லை. மார்பில் இருந்த மாதா படத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு மறுபடி அழுத்தினார். இந்த முறை பொருந்திக்கொண்டது.

கூடத்தின் நடுவில் வாசலைப் பார்த்துக் கால் நீட்டிப் பெட்டிக்குள் கிடந்தாள் கல்லியோபி. கால்மாட்டில் கல்யாணத்தன்று இருவரும் தலையில் சூடிய மணமுடிகள், வெள்ளை நாடா பழுப்பேறி. கையில் மகள் எழுதிய நாவல்.

"எங்க கதை. அவளோடயே போகட்டும்" என்றார் மனூசோஸ்.

மகள் மிர்சினி தலையாட்டினாள். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் அவள்தான். பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாதாள ராஜா தேரில் தூக்கிக்கொண்டு போன பழங்கதையை அவள் காதல் கதையாக எழுதினாள். ஏதென்ஸ் முழுக்க விற்றது. அந்தக் காதலை அவள் வெளியில் தேடவில்லை. பதினேழு வயதுக் கல்லியோபியை மனூசோஸ் பிக்கப் வண்டியில் தூக்கி வந்த கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். "கணவாய் தாண்டுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தா" என்று அப்பா சொல்வார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெட்கம் என்று மகள் நினைத்தாள்.

நாலு மணிக்குப் பாதிரியார் வருவார். வந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள்.

வாசலில் நாற்காலி போட்டு ஆண்கள் ராக்கிச் சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பெரியப்பா மகன் ஸ்டெலியோஸ் அவளைக் கூப்பிட்டான்.

"ஏம்மா எழுத்தாளரே, உன் புஸ்தகத்த என் மருமக படிச்சுக் காட்டினா. ஓட்ட பிக்கப்பத் தங்கத் தேராக்கிட்ட. உங்கப்பன ராஜாவாக்கிட்ட. எனக்கு ஒரு குதிரை வேஷமாவது குடுத்திருக்கலாம்ல?"

நாற்காலிகள் சிரித்தன.

"நீங்க எங்க வந்தீங்க சித்தப்பா அதுல?"

"நல்லாக் கேட்ட. பின்னாடி தார்ப்பாய்க்குள்ள உங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டு வந்தது யாரு? நானும் செத்துப்போன யானிஸும். என்னா பலம் அவளுக்கு. இங்க பாரு, இன்னும் தழும்பு இருக்கு."

சட்டைக் கையை மேலே தள்ளினான். மிர்சினி பார்த்துக்கொண்டே நின்றாள். நாவலில் பெண் ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கூந்தல் காற்றில். பக்கத்தில் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. உட்கார வைத்தது இவள்.

சமையலறையில் சித்தி ஆர்கிரோ காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தங்கை. காலையில் திராட்சை மது கலந்த தண்ணீரால் அக்காளைத் துடைத்து உடுத்தியவள். அதற்குப் பிறகு பெட்டியின் பக்கமே போகவில்லை.

"சித்தி, அம்மா என் புஸ்தகத்தப் படிச்சாளா?"

"அத ஏன் இப்பக் கேக்குற?"

"மூணு வருஷமாச்சு. ஒரு வார்த்த சொல்லல எங்கிட்ட."

ஆர்கிரோ தண்ணீரை நிறுத்தினாள்.

"படிச்சா. மூணாங்கிளாசு வரைக்கும் போனவ, விரல் வச்சு விரல் வச்சு. ஒருநாள் எங்கிட்ட எடுத்துட்டு வந்தா. அந்தத் தேர்ல போற பக்கம். 'நான் சிரிச்சேன்னு இவளுக்கு யாருடி சொன்னது?'ன்னு கேட்டா. அதுக்கு மேல படிக்கல."

"என்னக் கேட்டிருக்கலாமே."

"கேக்கச் சொன்னேன். புள்ள பேர் பத்திரிகைல வருது, விடுடின்னுட்டா." ஒரு கோப்பையை எடுத்து, கழுவியதையே மறுபடி கழுவினாள். "தூக்கிட்டுப் போன மூணாம் நாள் வீட்டுக்குத் திரும்பி வந்தா. எங்கப்பன் கதவத் தொறக்கல. நான் உள்ள இருந்தேன், பன்னெண்டு வயசு. அப்புறம் என்ன, கல்யாணம்தான். கல்யாண முடி கூடப் போகட்டும், அது வழக்கம். அந்தப் புஸ்தகம் மட்டும் வேணாம்டி."

மிர்சினி கூடத்துக்கு வந்தாள். அப்பா பெட்டியருகே தனியாக உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அவருடைய அழுகை பொய்யில்லை, அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்பா. வண்டி ஓட்டினது யாரு?"

"எப்ப?"

"அம்மாவத் தூக்கிட்டு வந்தப்ப."

"நாந்தான். வேற யாரு ஓட்டுவா அந்த ரோட்டுல?"

"அம்மா பின்னாடி இருந்தா."

அவர் பெட்டியின் விளிம்பைத் தடவினார்.

"தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு. சிரிச்சான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

மனூசோஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"சத்தம் கேட்டுச்சு" என்றார்.

ஏமாற்றுகிறாரா என்று அவள் அந்த முகத்தைத் தேடினாள். இல்லை. முப்பத்தைந்து வருடமாக அவர் அப்படித்தான் நம்பியிருந்தார், இல்லையென்றால் நம்பப் பழகியிருந்தார். எது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவருக்காவது எஞ்சின் இரைச்சல் இருந்தது. இவள் மேஜை முன்னால் அமைதியாக உட்கார்ந்து எழுதினாள்.

மிர்சினி குனிந்து புத்தகத்தை இழுத்தாள். அட்டையில் வரைந்திருந்த பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கவிழ்த்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"என்ன பண்ற?" என்றார் அப்பா. தடுக்கவில்லை.

வெளியே நாற்காலிகள் நகர்ந்தன. பாதிரியார் வந்துவிட்டார். அம்மாவின் விரல்கள் புத்தகத்தின் பருமனுக்கு வளைந்தபடியே நின்றன, நடுவில் வெற்றிடம். மிர்சினி தன் கையை அதற்குள் விட்டாள். சரியாக இருந்தது.

ஜெபம் முடிந்தது. ஸ்டெலியோஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கையை எடுக்கவில்லை. அவன் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.