நடுவில் நின்ற கியர்

எல்லம்மாளுக்கும் அவள் அண்ணன் ராமராஜனுக்கும் நடுவில் வைத்த பொருள் தரையில் விழாது. பகை அப்படிப்பட்டது. தென்னேரியில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. ஏரித் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பதுதான் பேச்சு. இருவர் வாசலுக்கும் இடையே உதிர்ந்த தேங்காய்கள் இடுப்பு உயரத்தில் நின்றன. வேண்டியவர்கள் குனியாமல் எடுத்துப் போனார்கள். ஒரே ஒரு முறை, சித்தப்பா சாவில் இருவரும் தம்மை மறந்து சேர்ந்து அழுதபோது, நடுவில் மிதந்த பாடை சட்டென்று இறங்கித் தூக்க வந்தவர்களின் கால் நகத்தைப் பெயர்த்தது. அதன்பின் சமாதானம் பேசும் எண்ணத்தை ஊரே விட்டது.

பகைக்குக் காரணம் அப்பா பரசுராமன் விட்டுப்போன பழைய டிராக்டர். பாகம் பிரிக்க வந்தவர் காஞ்சிபுரத்துப் பட்டு முதலாளி. எல்லம்மாள் அவரிடம்தான் தறி நெய்கிறாள். சேலையை உடல் வேறு, கரை வேறு என்று பார்த்தே பழகிய மனிதர், வண்டியையும் இடப்பக்கம் தங்கைக்கு, வலப்பக்கம் அண்ணனுக்கு என்று தீர்த்துவைத்தார். ராமராஜன் அன்றைக்கே வலது பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சை உருவி, அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் ஃபைனல் டிரைவின் பெரிய கியரைத் தூக்கிப் போய் மாட்டுக் கொட்டகையில் சாத்தினான். அதன்பின் இருவருமே உழமுடியாமல், வாடகை வண்டியில் பல போகம் தள்ளினார்கள்.

இந்த ஆண்டு தண்ணீர் தாமதமாக வந்ததில் வாடகை வண்டி எதுவும் சிக்கவில்லை. எல்லம்மாளின் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. உடனே சேறடித்து நடாவிட்டால் மாட்டுக்குத்தான். அவள் அண்ணனிடம் கேட்கவில்லை, தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அவன் நாற்றும் மஞ்சளடித்திருந்ததால், கியரை உருட்டிவந்து போட்டுவிட்டுக் காறித் துப்பினான்.

வாலாஜாபாத் மெக்கானிக் ஜெபகுமார் கியரைச் சங்கிலியில் தூக்கி, அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே அச்சுக்கு நேரே நிறுத்தினான். சங்கிலியை அவிழ்த்த பிறகும் அது அங்கேயே நின்றது.

"ரெண்டு பேரும் இப்படியே மொறைச்சிக்கினு நில்லுங்க. சூப்பரா இருக்குது," என்று வெளியிலிருந்து அச்சைச் செலுத்தினான். மயிரிழை பிசகியது; அச்சில் வெட்டிய வரிகள் கியரின் துளையில் பொருந்தவில்லை. தறியில் இழை அறுந்தால் யோசிக்குமுன் கை பாவுக்குள் போய்விடும். அந்தப் பழக்கத்தில் எல்லம்மாள் கியருக்கு அடியில் கையை விட்டுத் திருப்பினாள்.

டார்ச் பிடித்திருந்த ராமராஜன் பதறினான். "எல்லம்மா, கைய எடும்மா! நசுங்கிடப் போவுது!"

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அவளுக்குள் என்னவோ இளகியது. கியர் இறங்கி அவள் விரல்கள்மேல் உட்கார்ந்தது.

"அக்கா, திட்டுக்கா! சீக்கிரம் திட்டு!" ஜெபகுமார் அலறினான்.

"யோவ், நீ பிடிக்கிற டார்ச்சும் உன் மூஞ்சி மாதிரியே இருண்டுக்கினு இருக்குது!"

"உன் வாய்க்குப் பயந்துதான் இந்த வண்டி எண்ணெய் ஒழுக்குது," என்றான் ராமராஜன். கண்ணில் நீர் வழிந்தது. கியர் நூலளவுகூட அசையவில்லை.

"அழுதுக்கினே திட்டினா எப்படிண்ணே? மனசார திட்டு!" என்றான் ஜெபகுமார்.

ராமராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வயல் பக்கம் பார்த்தான். "நாற்றா அது? கோழி கிளறின கோரை! அப்பா இருந்தா உன்னை வரப்புலயே ஏத்தியிருக்க மாட்டாரு!"

எல்லம்மாளுக்கு உச்சந்தலை எரிந்தது. கியர் விருட்டென்று எழும்பியது. கை வெளியே வந்தது. அச்சு உள்ளே இறங்கியது.

பொழுது சாய்வதற்குள் இரண்டு வயலும் சேறாயின. அவளுடைய இரண்டு நகம் கறுத்ததோடு சரி. ராமராஜன் பக்கத்து வீட்டு அலமுவிடம் மஞ்சள் பற்று கொடுத்தனுப்பினான், மாட்டுக்கு அரைத்ததில் மீதி என்று. எல்லம்மாள் விரலில் தடவிக்கொண்டபின் கிண்ணத்தை அவன் வாசலைப் பார்த்து வீசினாள். ஜெபகுமார் சங்கிலியை விற்றுவிட்டான். கனமான வேலை வந்தால் அண்ணன், தங்கை இருவருக்கும் ஆளனுப்புகிறான். தனித்தனி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள்.