வட்ட முத்திரை

ராயபுரத்தில் மூன்று தர்மச் சங்கங்கள் ஒன்று சேர்ந்து ஒரு மனிதனைக் கரையேற்றுவதென்று ஐம்பத்திரண்டாம் வருஷம் தீர்மானித்தன. ஒன்று முஸ்லிம் வியாபாரிகளுடையது, ஒன்று மாதா கோயில் பெண்களுடையது, ஒன்று பஜனை சபைக்காரர்களுடையது. இரண்டு வருஷம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்து தெளிந்து வந்த வேம்புதான் அந்த மனிதன். கூட்டுக் கமிட்டியின் குமாஸ்தா ஹபீபுல்லா, அதாவது நான்.

முதல் நான்கு கூட்டங்களும் முத்திரைக்கே போயின. தானமாகக் கொடுக்கும் துணியை வாங்கினவர்கள் பழைய துணிக் கடையில் தள்ளிவிடுகிறார்கள் என்று தர்மவான்களுக்கு எப்போதும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அதனால் துணியில் சங்கத்தின் முத்திரை குத்துவது வழக்கம். இங்கே மூன்று சங்கம். யார் பெயர் முதலில் வருவது? வட்டமாகச் செய்துவிடலாம், வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை என்றேன். நடுவில் 'சித்தம் தெளிந்தோர் சகாயக் கமிட்டி' என்று பெரிய எழுத்து. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பூரித்துப் போனேன், மடையன்.

வேம்புவின் இரண்டு காடாச் சட்டைகளிலும் நெஞ்சுக்கு நேரே நானே குத்தினேன். வண்ணார்கள் குறி போடும் சேராங்கொட்டை மை. துணி நைந்தாலும் அது போகாது.

வேலை ஒன்று கிடைத்தால் இவன் பிழைத்துக்கொள்வான், சும்மா உட்கார வைத்தால் மறுபடி விழுந்துவிடுவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் தங்கை பூவம்மா துறைமுகக் கிடங்கு மேஸ்திரி கோதண்டத்திடம் போய்க் கெஞ்சினாள். அண்ணன் இத்தனை நாள் எண்ணூர் உப்பளத்தில் இருந்தான் என்று ஒரு பொய்யும் சொன்னாள். மூட்டை எண்ணி எழுதும் வேலை கிடைத்தது.

சனிக்கிழமை வேம்பு என்னிடம் வந்தான்.

"பாய், திங்கக்கெயம வரச் சொல்லிகீறாரு. இத்த மாட்டிகினு எப்டிப் போவேன்? முத்திரை இல்லாம ஒரு சட்டை குடு பாய்."

"உன் பழைய சட்டை?"

"பூவம்மா பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டா. நான் திரும்பி வருவேன்னு அவ இன்னாத்த கண்டா?"

முத்திரையில்லாத துணி கொடுக்க மூன்று காரியதரிசிகளும் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஒருவருக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமை இன்னொருவருக்கு ஆகாது, சனிக்கிழமை மற்றவருக்கு பஜனை. "புதன்கிழமை கமிட்டியில வைக்கிறேன்" என்றேன். என் வீட்டுக் கொடியில் என்னுடைய சட்டைகள் நான்கு தொங்கிக்கொண்டிருந்தன. அது அப்போது என் புத்திக்கு எட்டவே இல்லை.

திங்கட்கிழமை நடந்ததைப் பூவம்மா சொன்னாள். கிடங்கு வாசல் வரை அவளும் போயிருந்தாள். முத்திரை தெரியக் கூடாதென்று வேம்பு சட்டையைத் திருப்பி, உள்புறம் வெளியே வரும்படி போட்டிருந்தான். மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள்.

"இன்னா நைனா, சட்டைய இப்டிப் போட்டுகினு வந்துகீறே? திருப்பிப் போடு" என்றார் கோதண்டம்.

வேம்பு நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். "இப்டியே இர்க்கட்டும் மேஸ்திரி."

"சட்டை போடத் தெரியாத பைத்தியம் மூட்டைய எங்க எண்ணப் போவுது? போ, போ."

எந்தச் சொல்லுக்குப் பயந்து சட்டையைத் திருப்பினானோ அந்தச் சொல்லே வந்துவிட்டது. வேம்பு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவன், சோறுகூடத் தொடவில்லை.

புதன்கிழமை கமிட்டி கூடியது. கிடங்கில் நடந்தது அதற்குள் எல்லார் காதுக்கும் வந்திருந்தது. சட்டையைத் திருப்பினதற்குக் காரணம் இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். "நீர் எழுதும்" என்றார் தலைவர். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'நோய் திரும்பிவிட்டது. சட்டையைக்கூட நேராக அணியத் தெரியவில்லை. மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்க்கவும்.' ஐந்து நிமிஷத்தில் மூன்று காரியதரிசிகளும் கையெழுத்துப் போட்டார்கள். யார் முதலில் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான்தான் அவனை ஜட்காவில் கூட்டிப்போனேன். பூவம்மா அழுதுகொண்டே அவனுக்குச் சட்டையை நேராகப் போட்டுவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கமிட்டியின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். காவலாளி அதை வாங்கவில்லை. வேம்புவின் நெஞ்சைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்தான்.