லாரியில் இடமில்லை

தையல்காரர் ஐந்தாவது முறையாகக் கைதாகப் போய், ஐந்தாவது முறையாக வீட்டுக்கே திரும்பி வந்தார். மனைவி மாற்றுத்துணிப் பையை வாங்கிப் பழையபடி ஆணியில் மாட்டினாள். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்நிய ஆட்சியின் அலுவலக வாசலில் தினமும் இருபது பேர் உட்கார வேண்டும், அடித்தாலும் கை ஓங்காமல் சிறைக்குப் போக வேண்டும் என்பது இயக்கத்தின் ஏற்பாடு. பத்தொன்பது பேரை லாரியில் ஏற்றிவிட்டு, இவரை மட்டும் இன்ஸ்பெக்டர் இறக்கிவிடுவார். கவர்னர் வரப்போகிறார். அணிவகுப்புக்கு நாற்பது காக்கி உடுப்பு வேண்டும். அதைத் தைக்கத் தெரிந்தவர் ஊரிலேயே இவர் ஒருவர்தான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? போலீசுக்கு ஆள்காட்டி என்று பேச்சு கிளம்பிவிட்டது. சிறையில் இருந்த மனைவியின் தம்பி வரை அது போய், அவர் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். அது அவரை அறுத்துக்கொண்டே இருந்தது.

பிற்பகல் வழக்கம்போல் மிஷினில் உட்கார்ந்து, வயிற்றெரிச்சலை எல்லாம் மிதியில் காட்டினார். அடி வாங்கத் தயாராகப் போனால் அடிக்கக்கூட ஆளில்லை என்று புலம்பினார். பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைக் கீழே வைத்தாள்.

"காலையில அவங்க வாசல்ல உக்காந்து ஒத்துழைக்க மாட்டோம்னு சொல்றீங்க. மத்தியானம் அவங்களுக்கே சட்டை தைக்கிறீங்க. தம்பி மேல என்ன தப்பு?"

மிஷின் நின்றது. அவருக்குச் சுருக்கென்றது. வாங்கிய வேலையை முடித்துக் கொடுப்பதுதான் நாணயம் என்று இருபது வருஷமாக ஊறிப்போன புத்தி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. கோபத்தில் காக்கியைத் தாறுமாறாக வெட்டிப்போடக் கத்திரியை எடுத்தார். அடுத்தவர் பொருளைக் கெடுக்கக் கூடாது என்பதும் இயக்கத்தின் விதியாயிற்றே. சனியனே என்று கத்திரியை வைத்தார்.

மறுநாள் காலை, தைத்தது, வெட்டியது, வெட்டாதது எல்லாவற்றையும் ஒரு பட்டன் குறையாமல் மூட்டை கட்டி, இன்ஸ்பெக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"இனிமே தைக்கிறதா இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். பிறகு நயமாகப் பேசிப் பார்த்தார். பிறகு பிரம்பை எடுத்தார். தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அன்று லாரியில் முதல் ஆள் அவர்தான்.

சிறைக் கதவு தாண்டிய பிறகுதான், பையை ஆணியிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. ஐந்து நாள் வெட்டியாகச் சுமந்த பை. முதுகில் சட்டை நார்நாராகக் கிழிந்து தொங்கியது.

உள்ளே அதைப் பார்த்த மைத்துனன் தன்னிடம் இருந்த இன்னொரு சட்டையை உதறி, அவர் தோளில் போட்டான்.