தட்டாமல் விட்ட மௌனம்

பாடகர் குழுவின் அடிக்குரல்காரர் ஒரு வெள்ளிக்கிழமை முதல் உலகத்தைவிட ஒரு கட்டம் முன்னால் வாழத் தொடங்கினார். உப்புப் போதுமா என்று மனைவி கேட்குமுன் "போதும்மா" என்றார்; பக்கத்து வீட்டுக்காரர் நகைச்சுவையைச் சொல்லி முடிக்குமுன் சிரித்து அவரைக் கடுப்பேற்றினார். தவறு மனைவியுடையது. குழுவின் நாற்குரல் பாட்டைக் கணினியில் எழுத்துகளாகத் தட்டுவது அவள் வேலை: ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வரி, தாளத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டம், பாட்டின் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனிக் கோப்பு. இரண்டாம் பகுதியில் ஒரு கட்டம் முழுக்க அடிக்குரல் பாடாமல் நிற்க வேண்டும். பாடாத இடத்தைத் தட்டுவானேன் என்று அந்த வெள்ளிக்கிழமை விட்டுவிட்டாள்; அவர் வரி ஒரு கட்டம் முன்னால் நகர்ந்துவிட்டது. மௌனத்துக்கும் குறி போட்டால்தான் வரிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல, அன்றைக்கு அசதி.

சிரிப்பெல்லாம் சாலைக்கு வரும்வரைதான். பேருந்து போன பிறகு வைக்க வேண்டிய காலை அவர் அது வரும்போதே வைத்தார். எச்சரித்தால் "ரோடு காலியாத்தானே கிடக்கு" என்பார். அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. "என்னங்க, நில்லுங்க!" என்று சட்டையைப் பிடிக்கப் போனால் அவள் கைக்குக் காற்றுதான் சிக்கும். இதுவரை ஓட்டுநர்கள்தான் வசவோடு காப்பாற்றினார்கள். ஒரு மதியம் அவள், விட்ட மௌனத்தை அவர் வரியில் தட்டினாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தூக்கிய கரண்டியோடு நின்றார். மூச்சும் நின்றது. பாட்டிலேயே மெதுவான பகுதி அது. கட்டம் முடிவதாகத் தெரியவில்லை. உதடு நீலமாவதைக் கண்டு பதறி அழித்தாள்.

"ஏம்மா அழுறே?" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவளும் அதே குழுவில் மேல்குரல். அவள் வரியிலும் அந்தப் பகுதியில் ஒரு கட்ட மௌனம் இருந்தது. அதை அழித்தாள். மறுநாள் சாலையோரத்தில் அவர் காலைத் தூக்கியபோது, முதல்முறையாக அவள் பிடியில் காலர் இருந்தது. அவள் கண்ணுக்கும் இப்போது சாலை காலிதான். ஆனாலும் விடாமல், அழித்த மௌனத்தின் அளவுக்கு மனதுக்குள் தாளம் போட்டாள். கண்ணில் படாத பேருந்து முகத்தில் காற்றடித்துவிட்டுப் போனது.

தெரு பழகிக்கொண்டது. அவர்கள் நன்றி சொன்னதும் கடைக்காரர் சோப்பை எடுத்துத் தருகிறார். குழுவில் இருவரையும் வாசலோரம் நிறுத்தியிருக்கிறார்கள். முதலில் பாடி முடிப்பவர்கள் என்பதால் கதவைத் திறந்துவிடுவது அவர்கள் பொறுப்பு.